தெருப்பெயர் தாங்கிய தடங்கள்

ஒசாகாவில் வேலை பார்த்த மூன்றாண்டுக் காலமும் நான் நாள்தோறும் ஏறி இறங்கியது மோனோரயிலில்தான். ஒசாகாவின் பெயரைத் தாங்கிய அந்த மோனோரயில் ஒசாகா மாநகரின் எல்லைக்குள் ஓரடிகூட வருவதில்லை என்பது, அங்கே போய்ச் சேர்ந்து ஏறக்குறைய ஓராண்டு கழிந்த பிறகே எனக்கு உறைத்தது. தொயோனாகாவில் விமான நிலைய வாசலில் புறப்படுகிற அது, சூயிதா, இபாராக்கி, செட்சு, மொரிகுச்சி என்று மாநகரை ஒட்டிய சிறு நகரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, கடோமாவில் போய் நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக மருத்துவமனை நிலையத்தில் இறங்கி ஆய்வகத்துக்கு நடக்கிற எனக்கு அது வசதியாகவே இருந்தது. ஆனால் ஊருக்குள் ஒரு புத்தகக் கடைக்கோ, நம்பாவில் ஒரு நண்பரைப் பார்க்கவோ கிளம்பினால், வழியில் இறங்கி வேறொரு ரயிலுக்கு மாறியே ஆக வேண்டும். ஊருக்கு நடுவே சுரங்க ரயிலின் ஆட்சி. அதன் விளிம்புக்கு வெளியே மற்றவர்களின் ஆட்சி. இந்தப் பாகப்பிரிவினைக்கு நூறாண்டு வயதாகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஒசாகாவின் ரயில் வரைபடம் எனக்குப் படிக்கக் கூடியதாயிற்று.

ஜப்பானில் ஒரு மாநகராட்சி தானே நடத்திய முதல் டிராம் 1903ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒசாகாவில்தான் ஓடியது. அப்போது தொடங்கி, நகருக்குள் மக்களை ஏற்றிச் செல்லும் உரிமை நகராட்சிக்கே உரியது என்பதில் ஒசாகா விடாப்பிடியாக நின்றது. ஐரோப்பிய வல்லரசுகள் அமெரிக்கக் கண்டங்களில் தலையிடக் கூடாது என்று அறிவித்த அமெரிக்க அதிபர் மன்றோவின் பெயரால், இந்தப் பிடிவாதத்தை ‘நகராட்சி மன்றோ கொள்கை’ என்றே அழைத்தார்கள். விளைவு இன்றும் கண்கூடு. மேற்கே கோபேயிலிருந்தும் வடமேற்கே தக்கராசுக்காவிலிருந்தும் வருகிற ஹான்கியூ, ஹான்ஷின் என்ற தனியார் நிறுவனங்களின் ரயில்கள் உமேதாவோடு நின்றன. தெற்கேயிருந்து வருகிற நான்காய் நம்பாவோடு நின்றது. கிழக்கேயிருந்து வந்தவை தென்மபாஷியிலும் உஏஹோம்மாச்சியிலும் நின்றன. வந்தவர்கள் எல்லோரும் நகராட்சியின் டிராமுக்கோ, பின்னாளில் நகராட்சியின் சுரங்க ரயிலுக்கோ மாறித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. பிறகு இந்தப் பிடி தளர்ந்தது: 1963இல் கெய்ஹான் ரயில் யோதோயாபாஷி வரைக்கும், 1970இல் கின்டெட்சு நம்பா வரைக்கும் நிலத்தடியில் நுழைந்தன. ஆனாலும் அந்தப் பழைய கடைக்கோடி நிலையங்களைச் சுற்றி எழுந்த அங்காடிகளும் கூட்டமும் அங்கேயே வேரூன்றிவிட்டன. உமேதாவைக் ‘கித்தா’ என்றும் நம்பாவைச் சுற்றியுள்ள பகுதியை ‘மினாமி’ என்றும், அதாவது வடக்கு என்றும் தெற்கு என்றும், இருவேறு உலகங்களாக ஊரார் பேசுவதன் பின்னணியில் இந்தப் பழைய எல்லைத் தகராறும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த வடக்கையும் தெற்கையும் இணைக்கும் மிதோசுஜி தடம் 1933ஆம் ஆண்டு மே 20 அன்று, உமேதாவின் தற்காலிக நிலையத்துக்கும் ஷின்சாய்பாஷிக்கும் இடையே 3.1 கிலோமீட்டர் தொலைவுக்குத் திறக்கப்பட்டது. தோக்கியோவில் 1927லேயே சுரங்க ரயில் வந்துவிட்டது என்றாலும் அது தனியார் நிறுவனத்துடையது. ஜப்பானில் ஒரு நகராட்சி கட்டி நடத்திய முதல் சுரங்க ரயில் ஒசாகாவினுடையது. இதற்குப் பின்னால் இருந்தவர் செகி ஹஜிமே. பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, 1914இல் துணை மேயராக ஒசாகாவுக்கு வந்து, 1923இல் மேயரானவர். அவர் காலத்தில், 1925இல், சுற்றுப்புற ஊர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட ஒசாகா மக்கள்தொகையில் தோக்கியோவையே விஞ்சி ஜப்பானின் முதல் நகரமாகச் சில ஆண்டுகள் விளங்கியது.

மிதோசுஜி என்பது முதலில் ஒரு தெருவின் பெயர். வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக அதன் கரையில் இருக்கும் இரண்டு பெரிய புத்த ஆலயங்களின் பேரால் வந்தது. ‘சுஜி’ என்றால் ஒசாகாவில் வடக்குத் தெற்காகச் செல்லும் தெரு, ‘தோரி’ என்றால் கிழக்கு மேற்காகச் செல்லும் தெரு. செகியின் காலத்துக்கு முன் அந்த மிதோசுஜி சுமார் 6 மீட்டர் அகலமே உள்ள சந்து. அதை ஏறத்தாழ 44 மீட்டராக அகலப்படுத்தி, நடுவில் வாகனங்களும் இருபுறமும் கிங்கோ மரங்களும் அடியில் சுரங்க ரயிலும் செல்லுமாறு அவர் திட்டமிட்டபோது, வணிகர்கள் நிறைந்த அந்த வட்டாரத்தில், ‘மேயர் ஊர் நடுவே விமானத் தளம் கட்டப் போகிறாரா’ என்று கேலி செய்தார்களாம். கேலிக்குக் காரணம் அகலம் மட்டுமல்ல, செலவும்தான். சாலையாலும் ரயிலாலும் நிலத்தின் விலை ஏறும், ஆகவே அந்த ஏற்றத்தால் பயனடைகிறவர்கள் செலவில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்று சொல்லி, கரையோர நில உரிமையாளர்களிடம் அவர் தனி வரி வசூலித்தார். மெட்ரோ வந்ததும் இரண்டு மடங்காகும் நிலவிலையை யார் யாரோ விழுங்கிவிட்டுப் போவதையே பார்த்துப் பழகிய எனக்கு, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மேயர் இதைச் செய்து காட்டியிருக்கிறார் என்பது இன்றும் வியப்பாகவே இருக்கிறது. 1937இல் அந்தச் சாலை முழுமை பெற்றபோது பார்க்க அவர் இல்லை. 1935 ஜனவரியில், பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார்.

தொடக்கத்தில் அந்தத் தடத்தில் ஓடியவை ஒற்றைப் பெட்டி ரயில்கள். நடைமேடைகளோ, பல பெட்டிகள் கொண்ட நீண்ட ரயில் நிற்கும் அளவுக்கு அப்போதே நீட்டி அமைக்கப்பட்டிருந்தன. பரந்த நடைமேடையின் ஒரு மூலையில் ஒரே ஒரு பெட்டி வந்து நின்றதைப் பார்த்து அன்றைய மக்கள் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. ஆனால் இன்று அதே மிதோசுஜி தடத்தில் பத்துப் பெட்டி ரயில்கள் நிரம்பி வழிகின்றன. யோதோயாபாஷியிலும் ஷின்சாய்பாஷியிலும் நடைமேடையில் நின்று அண்ணாந்து பார்த்தால், தூண்களே இல்லாமல் உயர்ந்து வளைந்த கூரையும் அதிலிருந்து தொங்கும் விளக்கு வரிசையும் தெரியும். நிலத்தடிக்கு மாடக்கோயிலின் தோரணையைக் கொடுத்த அந்தக் கூரையை நான் அவசரமாகக் கடந்துபோன நாளே கிடையாது.

ஷின்சாய்பாஷியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1945 மார்ச் 13 இரவு முதல் 14 விடியல் வரை ஒசாகா மீது பெரும் வான்தாக்குதல் நடந்தது. தெற்குப் பகுதி முழுவதும் எரிந்துகொண்டிருந்தபோது, நள்ளிரவுக்குப் பின் ரயில் ஓடாத வேளையில், நிலையத்தின் கதவு திறக்கப்பட்டதாகவும், கீழே வந்து நின்ற ரயிலில் ஏறி உமேதாவுக்குப் போய் உயிர் பிழைத்ததாகவும் பலர் பின்னாளில் வாக்குமூலம் தந்திருக்கிறார்கள். அந்த ரயிலை ஓட்ட யார் உத்தரவிட்டார் என்பதற்கு அலுவலக ஆவணம் இல்லை. தப்பியவர்களின் நினைவு மட்டுமே சாட்சி. ஒரு மாநகராட்சி தன் ரயிலைக் குறித்துப் பெருமைப்பட இதைவிடப் பெரிய காரணம் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

போருக்குப் பின் தடங்கள் ஒவ்வொன்றாகப் பெருகின. 1964இல் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஓடத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பாக மிதோசுஜி தடம் அதன் நிலையமான ஷின்-ஒசாகாவை எட்டியது. இன்று எட்டுச் சுரங்கத் தடங்களும், தென்துறைமுகப் பகுதியில் ரப்பர் டயரில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ‘நியூ டிராம்’ தடமுமாகச் சேர்த்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். இவற்றில் பெரும்பாலானவை தெருவின் பெயரையே தாங்கியிருக்கின்றன: மிதோசுஜி, தனிமாச்சி, யோட்சுபாஷி, சாகாய்சுஜி, சென்னிச்சிமாயே, நாகாஹோரி, இமசாத்தோசுஜி. தெருவின் அடியில் அதே தெருவின் போக்கிலேயே தோண்டியதால் வந்த பெயர்கள் இவை. அதனால்தான் ஒசாகாவின் சுரங்க வரைபடம் தோக்கியோவினுடையதைப் போல நூல்கண்டாகச் சிக்காமல், சதுரங்கப் பலகைபோல நேர்கோடுகளாய் இருக்கிறது. புதிதாக வந்த ஒருவருக்கு இது பெரும் உதவி. தடத்தின் பெயர் தெரிந்தால் மேலே எந்தத் தெருவில் முளைப்போம் என்பது தெரிந்துவிடும். தடங்களின் நிறங்களுக்கும் கதைகள் உண்டு. கோயில்கள் மிகுந்த பகுதி வழியே செல்லும் தனிமாச்சிக்கு மூத்த துறவிகளின் அங்கியின் ஊதா நிறம் என்றும், சென்னிச்சிமாயேவின் இளஞ்சிவப்பு மினாமியின் இரவு விளக்குகளின் நிறம் என்றும் சொல்வார்கள்.

ஒழுங்கெல்லாம் உமேதாவில் வந்து தோற்றுப் போகும். மிதோசுஜி தடத்துக்கு உமேதா, தனிமாச்சிக்குக் கிழக்கு உமேதா, யோட்சுபாஷிக்கு மேற்கு உமேதா என்று மூன்று நிலையங்கள். பக்கத்திலேயே ஒசாகா என்ற பெயரில் ஜே.ஆர். எனும் ஜப்பான் ரயில்வேயின் நிலையம், அதற்கும் இதற்கும் நடுவே தனியார் ரயில்களின் நிலையங்கள். சுரங்கத் தடம் மாறுவதென்றால் ஒரு வாயிலில் வெளியே வந்து, நிலத்தடிக் கடைவீதியில் நடந்து, இன்னொரு வாயிலில் உள்ளே போக வேண்டும்; குறித்த நேரத்துக்குள் போனால் கட்டணம் தொடர்ச்சியாகவே கணக்கிடப்படும். உள்ளூர் இளைஞர்களே அதை ‘உமேதா டன்ஜன்’ என்று, கணினி விளையாட்டின் பாதாளக் குகைக்கு ஒப்பிட்டுப் பேசுவார்கள். நான் முதல் மாதத்தில் அங்கே ஒரே ரொட்டிக் கடையை மூன்று முறை கடந்திருக்கிறேன். உமேதாவின் மிதோசுஜி நடைமேடை இன்று அத்தனை அகலமாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு: வேறொரு தடத்துக்காக முன்பே தோண்டிப் பல்லாண்டுகள் பயனற்றுக் கிடந்த பக்கத்துச் சுரங்கத்தை 1989இல் எடுத்துக்கொண்டு, ஒரு திசை ரயில்களை அதன் வழியே திருப்பிவிட்டார்கள்.

சாகாய்சுஜி தடத்தைப் பார்க்கும்போது நகராட்சியின் பிடிவாதம் எங்கே தளர்ந்தது என்பது தெரியும். மற்றப் பழைய தடங்கள் எல்லாம் தண்டவாளத்தின் பக்கத்தில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் மின்சாரம் எடுக்க, 1969 டிசம்பரில் திறந்த இது மட்டும் மேல்நிலைக் கம்பியிலிருந்து 1500 வோல்ட் எடுக்கிறது. ஹான்கியூ ரயில்கள் நேராக உள்ளே வர வேண்டும் என்பதே காரணம். நான்காய் நிறுவனமும் தெற்கிலிருந்து இணைய விரும்பியது. ஆனால் அதன் தண்டவாள இடைவெளி 1067 மில்லிமீட்டர், சுரங்கத்தினுடையதோ ஹான்கியூவைப் போல 1435. வாய்ப்பு வடக்கே போயிற்று. மறுபுறம், கிழக்கு மேற்காக ஓடும் பச்சை நிறச் சூஓ தடம், தன் 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளத்தோடு இகோமா மலையைத் துளைத்து நாரா மாநிலத்துக்குள் போகும் கின்டெட்சு தடத்தோடு இணைந்திருக்கிறது. அங்கே தனியார் நிறுவனம்தான் சுரங்க ரயிலின் வழக்கத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டது.

சூஓ தடத்தின் நடுவே செம்பா என்ற துணி வணிகர் பேட்டை இருக்கிறது. 1970 உலகக் கண்காட்சிக்காக அங்கே ஒரு நெடுஞ்சாலையும் சுரங்க ரயிலும் போக வேண்டியிருந்தது. மொத்த வியாபாரிகளோ இடம் தர மறுத்தார்கள். கடைசியில் கண்ட தீர்வு, ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளத்துக்குப் பத்துக் கட்டடங்களை வரிசையாகக் கட்டி, அவற்றின் கூரைமேல் நெடுஞ்சாலையையும், உள்ளே அதே வியாபாரிகளின் கடைகளையும், அடியில் சுரங்க ரயிலையும் அமைப்பது. இன்றும் அந்தக் கடைகளில் துணி விலை பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்குமேலே லாரிகள் ஓடுகின்றன. வெளியேற்றப்படாமலே வளர்ச்சிக்கு வழிவிட்டவர்கள் என்று யாரையாவது சுட்ட வேண்டுமானால் இவர்களைச் சுட்டுவேன்.

அந்தக் கண்காட்சிதான் வடக்குப் புறநகரை மாற்றியது. 1970 மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை சென்ரி குன்றுகளில் நடந்த உலகக் கண்காட்சிக்கு 6.42 கோடிப் பேர் வந்தார்கள். மிதோசுஜி தடத்தை எசாகா வரை நீட்டி, அங்கிருந்து கித்தா-ஒசாகா கியூகோ என்ற புதிய நிறுவனத்தின் தண்டவாளம் வழியே கண்காட்சி வாசலுக்கே ரயில் விட்டார்கள். அந்த வாசல் நிலையம் ஆறே மாதங்களுக்கு இருந்தது. கண்காட்சி முடிந்ததும் பிடுங்கப்பட்டு, அந்த இடம் நெடுஞ்சாலைக்குப் போயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று, தனிமாச்சித் தடத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்த தென்ரோக்கு சந்திப்பில் எரிவாயுக் குழாய் கசிந்து வெடித்து 79 பேர் இறந்தார்கள். குன்றின்மேல் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது ஊருக்குள் நேர்ந்த சாவுகள் அவை. நகரம் அவசரமாகத் தோண்டியதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், மாலை நேரத்தில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த தெருமக்களும் அதில் உண்டு.

கண்காட்சி முடிந்து இருபது ஆண்டுகள் கழித்து, அதே சென்ரி குன்றுகளின் வழியே மோனோரயில் வந்தது. 1990 ஜூன் 1 அன்று சென்ரி-சூஓவிலிருந்து மினாமி-இபாராக்கி வரை திறந்து, 1997இல் விமான நிலையத்தையும் கடோமாவையும் எட்டியது. முதன்மைத் தடம் 21.2 கிலோமீட்டர், நான் குடியிருந்த பக்கம் பிரியும் சாய்தோ கிளை 6.8 கிலோமீட்டர். 2011இல் சீனாவின் சோங்சிங் முந்தும்வரை உலகின் மிக நீளமான மோனோரயில் இதுவே. 85 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றைக் கான்கிரீட் விட்டத்தின்மேல் பெட்டி குதிரைச் சவாரிபோல் அமர்ந்து போகிறது. பளுவைத் தாங்க மேலே ரப்பர் டயர்களும், வழிகாட்டவும் சாயாமல் பிடிக்கவும் பக்கவாட்டில் வேறு டயர்களும் இருக்கின்றன. தடம் மாறும் இடத்தில் தண்டவாள நாக்குகள் நகர்வதற்குப் பதிலாக அந்தக் கனத்த விட்டமே துண்டு துண்டாக நகர்ந்து வளைவதை, கண்காட்சிப் பூங்கா நிலையத்தில் காத்திருக்கும்போதெல்லாம் சிறுவனைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கிருந்து பார்த்தால் தாரோ ஒகமோட்டோ வடித்த 70 மீட்டர் உயரச் சூரியக் கோபுரம், கண்காட்சியின் மிச்சமாய், இரு கைகளையும் விரித்து நிற்கும்.

மோனோரயிலின் பயன் அது கடக்கும் இடங்களில் இருக்கிறது. ஹான்கியூவின் மூன்று தடங்கள், மிதோசுஜியோடு இணைந்த ரயில், தனிமாச்சித் தடம், கெய்ஹான் என்று நகரை நோக்கிக் குவியும் ரயில்களை எல்லாம் அது குறுக்கே தைத்துக்கொண்டு போகிறது. அதனால் பக்கத்து ஊருக்குப் போக உமேதா வரை போய்த் திரும்பும் வேலை மிச்சம். கட்டணம் அதிகம் என்று ஆய்வகத்தில் எல்லோரும் முணுமுணுப்பார்கள், நானும் முணுமுணுத்திருக்கிறேன். 2018 ஜூன் 18 காலையில் வட ஒசாகாவைக் குலுக்கிய 6.1 அளவு நிலநடுக்கத்தில் அது பல நாட்கள் ஓட முடியாமல் போனபோதுதான், எத்தனை பேர் அதை நம்பி வாழ்ந்தார்கள் என்பது வெளியே தெரிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே நான் ஊர் திரும்பியிருந்தேன்.

நான் கிளம்பிய அந்த ஏப்ரலின் முதல் நாள்தான் மாநகராட்சிச் சுரங்க ரயில் ‘ஒசாகா மெட்ரோ’ என்ற நிறுவனமாயிற்று. பங்குகள் முழுவதும் மாநகராட்சியிடமே இருக்கின்றன என்றாலும், ஒரு மாநகராட்சியின் சுரங்க ரயில் நிறுவனமாக மாறியது ஜப்பானில் அதுவே முதல் முறை. வட்டத்துக்குள் ‘கோ’ எழுத்து வைத்த பழைய சின்னத்தை நிலைய வாசல்களில் கழற்றிக்கொண்டிருந்தார்கள். புதிய நிறுவனம் அந்த ஆண்டு இறுதியில் வெளியிட்ட நிலையப் புதுப்பிப்பு வரைபடங்கள் பகட்டாக இருக்கின்றன என்று ஊரார் மனுப் போட்டு எதிர்க்க, அவை திருத்தப்பட்டன. வளைந்த கூரைகள் தப்பியதில் எனக்கும் நிம்மதி.

நாகாஹோரி தடத்தை முன்பே சொல்லியிருக்க வேண்டும். 1990இல் ட்சுருமி பசுமைப் பூங்காவில் நடந்த மலர்க் கண்காட்சிக்காகத் திறந்த அது, ஜப்பானின் முதல் நேரியல் மோட்டார் சுரங்க ரயில். பெயரைக் கேட்டு அந்தரத்தில் மிதக்கும் ரயில் என்று நினைக்க வேண்டாம். இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில்தான் உருள்கிறது. சுழலும் மோட்டாருக்குப் பதிலாகப் பெட்டியின் அடியில் தட்டையான மோட்டார் இருப்பதால் தரை தாழ்கிறது, சுரங்கம் குறுகுகிறது, தோண்டும் செலவு குறைகிறது.

1970, 1990 என்று கண்காட்சிக்கொரு தடம் போட்ட ஊர், 2025இலும் அதையே செய்தது. ஜனவரி 19 அன்று சூஓ தடம் கடலடிச் சுரங்கம் வழியே யுமேஷிமா என்ற செயற்கைத் தீவை எட்டியது. செப்டம்பரில் ஒரு வார விடுப்பில் போய் அதில் பயணம் செய்தேன். புத்தம் புது நிலையம், சுவர் நீளத்துக்கு ஒளித்திரை, விண்கல முகம் கொண்ட புதிய ரயில். எல்லாம் கண்ணைப் பறித்தன. ஆனால் தீவுக்குப் போக ஒரே ஒரு ரயில் தடம்தான் என்பதன் பொருளை, ஆகஸ்ட் 13 இரவு மின்தடையால் அது நின்று, ஏறத்தாழ 30,000 பேர் விடியும்வரை கண்காட்சித் திடலில் தங்க நேர்ந்தபோது எல்லோரும் உணர்ந்திருந்தார்கள்.

அந்தப் பயணத்தின் கடைசி நாளில், பழைய வழக்கப்படி தனிமாச்சித் தடத்தில் தாய்நிச்சி வரை போய், மோனோரயிலுக்கு மாறி, ஒரே ஒரு நிலையம் தள்ளியிருக்கும் கடோமாவில் இறங்கினேன். அங்கிருந்து தெற்கே ஊர்யூதோ வரை 8.9 கிலோமீட்டர் நீட்டிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. வரைபடத்தை விரித்து எல்லைக்கோட்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன். புதிய நிலையங்கள் எல்லாம் கடோமாவிலும் ஹிகாஷி-ஒசாகாவிலும்தான், மாநகருக்குள் இம்முறையும் ஒரு நிலையம்கூட இல்லை.